சிவப்புப் புத்தகம் வந்துவிட்டதா? ஐரோப்பா வாக்கெடுப்பை வீட்டில் கதைத்து முடிப்பது எப்படி

எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் இதுவரை இரண்டு கோப்பைகள் உடைந்திருக்கின்றன. ஒன்றைப் பேரப்பிள்ளை தட்டிவிட்டது. மற்றது 2014 பெப்ரவரியில், நானும் மச்சானும் ஐரோப்பாவைப் பற்றிக் கதைத்தபோது உடைந்தது.

நான் இருப்பது சுவிஸில் பீல் நகரத்தில். தெருப்பலகைகூட ஜேர்மனிலும் பிரெஞ்சிலும் எழுதியிருக்கும் ஊர். 1988-ல் வந்தேன். பதினாறு வருசம் கழித்து, 2004-ல், சுவிஸின் சிவப்புப் பாஸ்போர்ட் எடுத்தேன். அதற்குப் பிறகு ஒரு வாக்கெடுப்பையும் விட்டதில்லை. எங்கட சனத்தில் பலர் பாஸ் எடுத்த சந்தோசத்தோடு சரி. வருசத்தில் நாலு தரம் வருகிற அந்தத் தடித்த வாக்கு உறையைத் திறக்காமலே பழைய பேப்பர்க் கட்டோடு வெளியே வைத்துவிடுகிறார்கள். சுவிஸ், தான் சேராத ஐரோப்பிய ஒன்றியத்தோடு செய்கிற புதிய ஒப்பந்தப் பொதியின் பேச்சுவார்த்தை 2024 டிசம்பர் 20-ல் முடிந்தது. அது என்றைக்காவது அந்த உறைக்குள் வரத்தான் போகிறது. அதற்கு முன் வீட்டில் எப்படிக் கதைத்துப் பழகலாம் என்று, அடிபட்டுப் படித்தவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

‘ஓம்’ எந்தப் பக்கம் பார்க்கிறது?

உறைக்குள் சிவப்பு அட்டையோடு ஒரு சிறு புத்தகம் இருக்கும். சமஷ்டி அரசின் விளக்கம். அதை முதற்பக்கத்திலிருந்து வாசிக்கத் தொடங்கினால் மூன்றாம் பக்கத்தில் நித்திரை வரும். முதலில் கேள்வியைத் தேடுங்கள். வாக்குச்சீட்டில் அச்சடித்திருக்கிற அதே ஒரு வரி. அதைச் சத்தமாக வாசித்துவிட்டு வீட்டில் எல்லாரிடமும் கேளுங்கள்: “இதுக்கு ஓம் எண்டு போட்டா என்ன நடக்கும்?”

பகிடி இல்லை. 2005 ஜூன் 5-ல், எல்லைச் சோதனை இல்லாமல் நாடு விட்டு நாடு போய்வர விடுகிற ஷெங்கன் ஒப்பந்தத்துக்கு வாக்கு வந்தது. ‘ஓம்’ என்றால் ஐரோப்பாவோடு நெருங்குவது. 54.6 வீதம் ஓம். 2014 பெப்ரவரி 9-ல் வந்தது குடிவரவைக் கட்டுப்படுத்தக் கேட்ட மக்கள் முன்மொழிவு. அங்கே ‘ஓம்’ என்றால் ஐரோப்பாவிலிருந்து விலகுவது. 2020 செப்டெம்பரில் ஆட்களின் சுதந்திர நடமாட்ட ஒப்பந்தத்தையே நிறுத்தச் சொல்லி வந்தது. அதற்கும் ‘ஓம்’ என்றால் விலகல்; சனம் 61.7 வீதம் ‘இல்லை’ என்று சொல்லி ஒப்பந்தத்தைக் காப்பாற்றியது.

என் மனைவியின் மாமி ஒருவர் 2014-ல் நல்ல மனதோடு ‘ஓம்’ என்று எழுதி அனுப்பினார். மகன் பாரிஸில், ஐரோப்பா என்றால் அவருக்குப் பிடிக்கும், “போன முறையும் ஓம் எண்டுதானே போட்டனாங்கள்” என்றார். அந்த முன்மொழிவு 50.3 வீதத்தில் வென்றது. நாடு முழுவதற்கும் வித்தியாசம் 20,000 வாக்குக்கும் குறைவு. மாமிக்கு இதை நான் இன்னும் சொல்லவில்லை. அந்த வாக்கின் பிறகு குரோவேஷியாவுக்கு நடமாட்ட உரிமையை நீட்டிக்கும் கையெழுத்தை சுவிஸ் போடவில்லை, பதிலுக்கு மாணவர் பரிமாற்றமான ஏராஸ்முஸிலிருந்து நாடு வெளியே போனது. ஒன்றியத்தின் பல்கலைக்கழக ஆராய்ச்சித் திட்டத்திலும் பாதி உறவுதான் மிஞ்சியது. என் மகள் அந்த வருசம்தான் வெளிநாட்டில் ஒரு பருவம் படிக்க இருந்தாள்.

ஆகவே பேனையை எடுக்கமுன் ஒரு துண்டுக் கடதாசியில் எழுதி குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டுங்கள்: ஓம் = இது, இல்லை = அது. வேறு ஒன்றும் செய்யாவிட்டாலும் இதைச் செய்யுங்கள்.

ஒரு பெரும்பான்மையா, இரண்டா?

சில வாக்கெடுப்பில் சனத்தின் பெரும்பான்மை போதும். 50,000 கையெழுத்துச் சேர்த்து, பாராளுமன்றம் நிறைவேற்றியதை எதிர்த்துக் கேட்கிற வாக்கெடுப்பு அந்த வகை. அரசியலமைப்பை மாற்றுவது என்றால் சனமும் வெல்லவேண்டும், மாநிலங்களும் வெல்லவேண்டும். மாநிலக் கணக்கில் மொத்தம் 23 வாக்கு. 20 முழு மாநிலம், 6 அரை மாநிலம். இதில் ஊரிக்கும் ஒரு வாக்கு, சூரிச்சுக்கும் ஒரு வாக்கு. ஊரியில் இருக்கிற மொத்தச் சனமும் 40,000-ஐத் தொடாது. சூரிச்சில் பதினைந்து லட்சத்துக்கு மேல்.

இது ஏன் முக்கியம் என்று 1992 டிசம்பர் 6-ல் பார்த்தேன். ஐரோப்பியப் பொதுச் சந்தையோடு இணைகிற ‘ஐரோப்பிய பொருளாதாரப் பகுதி’யில் சேருவதா என்ற வாக்கெடுப்பு. எனக்கு அப்போது வாக்கும் இல்லை, ஒழுங்கான விசாவும் இல்லை. ஒரு உணவகத்தின் குசினியில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தேன். தலைமைச் சமையல்காரர் நொய்ஷாத்தேல்காரர், பிரெஞ்சு பேசுகிறவர். மேசைக்குச் சாப்பாடு கொண்டுபோகிற பொடியன் மத்திய சுவிஸ் மலைப்பக்கம், ஜேர்மன் பேசுகிறவன். ஒரு கிழமையாக இரண்டு பேரும் உருளைக்கிழங்கைப் பற்றிக் கதைத்தாலும் சண்டையில்தான் முடியும். அந்த ஞாயிறு பின்னேரம் வானொலி சொன்னது: இல்லை, 50.3 வீதம். வித்தியாசம் 24,000 வாக்குக்குள். வாக்களிக்கும் உரிமை உள்ளவர்களில் 78 வீதத்துக்கு மேல் போட்டிருந்தார்கள். நொய்ஷாத்தேலில் 80 வீதம் ஓம், ஊரியில் முக்கால்வாசி இல்லை. இரண்டுக்கும் நடுவே ரயிலில் சில மணித்தியாலம்தான். பிரெஞ்சு பேசும் மாநிலங்கள் எல்லாம் ஓம், அவையோடு பாசலின் இரண்டு அரை மாநிலங்கள். மாநிலக் கணக்கில் ஓம் 7, இல்லை 16.

சமையல்காரர் வானொலியை நிறுத்திவிட்டுச் சட்டியைப் பார்த்தபடி நின்றார். அரசில் இருந்த டெலமுராஸ் அந்த நாளைக் கறுப்பு ஞாயிறு என்று சொன்னதைப் பிறகு பேப்பரில் வாசித்தேன். எதிர்ப்பக்கத்தை நடத்திய கிறிஸ்தோஃப் ப்ளோகரின் முகம் அடுத்த இருபது வருசம் தொலைக்காட்சியை விட்டுப் போகவில்லை. எனக்கு விளங்கியது வேறொன்று. சனக்கணக்கில் மயிரிழை, மாநிலக் கணக்கில் இரண்டு மடங்குக்கு மேல் தோல்வி. இன்னும் 24,000 பேர் ‘ஓம்’ சொல்லியிருந்தாலும் ஒன்றும் மாறியிராது.

புதிய பொதிக்கு எந்தக் கணக்கு என்பதிலேயே பெரிய இழுபறி. சனப் பெரும்பான்மை போதும் என்பது சமஷ்டி அரசின் முன்மொழிவு. மாநிலங்களும் வேண்டும் என்று இன்னொரு பக்கம் நிற்கிறது. முடிவு செய்வது பாராளுமன்றம். வீட்டில் இதைக் கதைக்கும்போது ஒரு விசயம் கவனித்திருக்கிறேன்: பொதி வேண்டும் என்பவர் எல்லாருக்கும் ஒற்றைப் பெரும்பான்மைதான் நியாயம், வேண்டாம் என்பவர் எல்லாருக்கும் இரட்டைதான் நியாயம். ஆளைப் பார்த்து அளவுகோல் மாறுகிறது. என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

‘ஐரோப்பா’ என்ற சொல்லை மேசையிலிருந்து எடுத்துவிடுங்கள்

சண்டை வருவது பெரும்பாலும் இந்தச் சொல்லால்தான். மச்சான் ‘ஐரோப்பா’ என்று சொல்லும்போது அவர் மனதில் இருப்பது பிரஸ்ஸல்ஸ் அதிகாரி. மகள் சொல்லும்போது ஆய்வுகூடம். எனக்கு எல்லைச் சாவடி. மூன்று பேரும் மூன்று பொருளை ஒரு பெயரால் திட்டிக்கொள்கிறோம்.

அதனால் எங்கள் வீட்டில் இப்போது ஒரு சட்டம். ‘ஐரோப்பா’ என்று சொன்னால் ஒரு பிராங்க் உண்டியலில் போடவேண்டும். ஒப்பந்தத்தின் பெயரைச் சொல்லிக் கதைக்கலாம். 1999-ல் கையெழுத்தாகி 2000 மே மாதம் 67.2 வீதத்தோடு சனம் ஏற்றுக்கொண்ட முதற்கட்ட ஒப்பந்தங்கள் ஏழு: ஆட்களின் நடமாட்டம், தொழில்நுட்பத் தடை நீக்கம், அரச கொள்முதல், விவசாயம், தரைப் போக்குவரத்து, வான் போக்குவரத்து, ஆராய்ச்சி. இந்த ஏழுக்கும் ஒரு கில்லட்டின் விதி இருக்கிறது: ஒன்றை முறித்தால் மற்ற ஆறும் விழும். “நடமாட்டத்தை மட்டும் நிப்பாட்டுவம், மற்றது இருக்கட்டும்” என்று மச்சான் சொல்லும்போதெல்லாம் நான் இந்த விதியைத்தான் எடுத்துப் போடுவேன். புதிய பொதியில் மின்சாரம், உணவுப் பாதுகாப்பு, சுகாதாரம் என்று மூன்று புது ஒப்பந்தங்கள் வருகின்றன.

தொழில்நுட்பத் தடை நீக்கம் என்றால் கொட்டாவி வரும். ஆனால் இந்தப் பக்கத்தில் வேலை செய்கிறவர்களுக்கு அதுதான் சோறு. பீலைச் சுற்றி மணிக்கூடு, மருத்துவக் கருவி, நுண்பாகம் செய்கிற தொழிற்சாலைகள். 2021 மே 26-ல் ஒன்றியத்தோடு நடந்த முந்தைய சட்டக ஒப்பந்தப் பேச்சை சமஷ்டி அரசு கைவிட்டது. அதே நாளிலிருந்து சுவிஸ் மருத்துவக் கருவிகளுக்கு ஒன்றியத்தில் இருந்த இலகுவழி போய்விட்டது. ஒவ்வொரு கம்பனியும் அங்கே ஒரு பிரதிநிதியை வைத்து, புது ஒட்டுச்சீட்டு அடிக்கவேண்டி வந்தது. என் பெறாமகன் வேலை செய்கிற இடத்தில் சில மாதம் பெட்டிக்கு ஒட்டுச்சீட்டு மாற்றுவதே வேலையாக இருந்ததாம்.

உங்கள் சொந்தக் கணக்கை எடுங்கள்

பேப்பர் வாதத்தைத் திருப்பிச் சொன்னால் யாரும் கேட்கமாட்டார்கள். உங்கள் வாழ்க்கையில் அது எங்கே தொட்டது என்று சொல்லுங்கள்.

நான் சொல்வது இது. பாஸ் எடுக்கமுன் அக்காவின் மகளுக்கு எல்லைக்கு அப்பால் கல்யாணம். சுவிஸ் வதிவிட அட்டை கையில் இருந்தும் இலங்கைப் பாஸ்போர்ட்காரனுக்கு விசா வேண்டும். கடிதம், வங்கிக் கணக்கு, வேலைச் சான்று, வரிசை. விசா கிடைத்தபோது கல்யாணம் முடிந்து மூன்றாம் நாள். தாலிகட்டை வீடியோக் கசெட்டில் பார்த்தேன். 2008 டிசம்பர் 12-ல் சுவிஸ் எல்லையில் ஷெங்கன் நடைமுறைக்கு வந்தது. அதே வதிவிட அட்டையோடு மச்சான் குடும்பம் ரயில் ஏறிப் பாரிஸ் போய், எங்கட கடைகள் இருக்கிற லா ஷப்பலில் மரக்கறி வாங்கிக்கொண்டு ஞாயிறு இரவு திரும்பியது. 2005-ல் நான் போட்ட முதல் ‘ஓம்’ அதுதான். என் வாழ்க்கையில் போட்ட வாக்கில் பலன் கண்ணால் கண்டது அது ஒன்றுதான்.

மச்சானின் கணக்கு வேறு. அவர் சொல்வார்: “ஐரோப்பியன் நேற்று வந்து இண்டைக்கு வேலை எடுக்கிறான். நான் எத்தினை வருசம் எஃப் விசாவோட (தற்காலிக அனுமதி) மாநிலம் மாறேலாமல் கிடந்தனான்?” இதற்குப் பதில் சொல்ல எனக்கு வாய் வராது, ஏனென்றால் அது உண்மை. ஒன்றியத்துக் குடிமகனுக்கு ஒரு வாசல், மற்ற உலகத்துக்கு இன்னொரு வாசல் என்றுதான் இந்த நாட்டின் சட்டம். ஆனால் வாக்குச்சீட்டு அதைக் கேட்கவில்லை. ‘இல்லை’ என்று போட்டால் அந்த வாசல் மூடலாம். எங்கட வாசல் அதனால் ஒரு அங்குலமும் திறக்காது. இதை மூன்று வருசம் சொல்லியும் மச்சான் ஏற்கவில்லை. பிறகு அவரின் சொந்த அண்ணனின் மகன், பிரெஞ்சுப் பாஸ்போர்ட்காரன், வேலை எடுத்து ஜெனீவாவுக்கு வந்தான். நேற்று வந்து இன்றைக்கு வேலை எடுத்த அந்த ஐரோப்பியனின் பெயரில் முருகன் இருந்தது. அன்றைக்கு மட்டும் மச்சான் கொஞ்ச நேரம் பேசவில்லை.

சம்பள விசயத்தில் நான் மச்சானின் பக்கம். இருபத்தைந்து வருசம் குசினியில் நின்றவன். உணவகத் தொழிலுக்குக் கூட்டு ஒப்பந்தம் இருந்து, அடிமட்டச் சம்பளம் எழுதி வைத்திருப்பதால்தான் எங்களை அதற்குக் கீழே இறக்க முடியவில்லை. இப்போது வெளிநாட்டுக் கம்பனி ஒன்று கட்டட வேலைக்கு ஆள் அனுப்பினால் 8 நாளைக்கு முன்பே அறிவிக்கவேண்டும். அதற்குள் சம்பளத்தைப் பார்க்கிற பரிசோதகர் தயாராகலாம். புதிய பொதியில், சம்பளம் இறங்கும் ஆபத்துள்ள துறைகளுக்கு இது 4 வேலைநாளாகக் குறைகிறது. ஈடாகச் சம்பளத்தைக் காக்க உள்நாட்டில் 14 நடவடிக்கைகளை அரசு வைத்திருக்கிறது. தொழிற்சங்கங்கள் இவ்வளவு இழுத்துப் பிடித்தது சும்மா இல்லை. உங்கள் வீட்டில் யாராவது கட்டடத்திலோ துப்புரவிலோ வேலை செய்தால், அந்த 14-ஐப் பற்றி அவரிடம் முதலில் கேளுங்கள். வங்கியில் இருக்கிற மருமகனிடம் பிறகு கேட்கலாம்.

எண்ணைச் சின்னதாக்கிப் பாருங்கள்

பிரசாரச் சுவரொட்டியில் வருகிற எண்ணெல்லாம் பயப்படுத்துவதற்குத்தான். 2030 முதல் 2036 வரை ஒன்றியத்தின் பின்தங்கிய நாடுகளுக்காக சுவிஸ் வருசத்துக்கு 35 கோடி பிராங்க் கொடுக்கவேண்டும். கேட்டால் தலை சுற்றும். நாட்டில் 90 லட்சம் பேர் என்று பிரித்துப் பாருங்கள்: ஆளுக்கு வருசம் 39 பிராங்க் வரும். நாலு பேர் வீட்டுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு. கொடுக்கலாமா வேண்டாமா என்று இப்போது கதைக்கலாம், எண்ணுக்குப் பயப்படாமல்.

மற்றப் பக்கத்து எண்ணையும் விடாதீர்கள். ஒன்றியத்தோடு ஒரு நாள் வியாபாரம் சுமார் 100 கோடி பிராங்க் என்று ஓம் பக்கத்தார் எல்லா மேடையிலும் சொல்வார்கள். சரியான எண்தான். ஆனால் நாளையிலிருந்து வியாபாரத்தையே நிறுத்து என்று யாரும் கேட்கவில்லை. இந்தப் பொதி இல்லாவிட்டால் அதில் எவ்வளவு குறையும் என்பதுதான் கேள்வி. அதற்கு 100 கோடி பதில் ஆகாது.

‘அந்நிய நீதிபதி’ வந்தால்

இந்த வாதம் கட்டாயம் வரும். ‘இல்லை’ பக்கத்தின் பழைய ஆயுதம் இது. 1291-ன் உடன்படிக்கைக் கடதாசியிலேயே உள்ளூரைச் சேராத நீதிபதியை ஏற்கமாட்டோம் என்று எழுதியிருப்பதால் சுவிஸ்காரருக்கு இந்தச் சொல் நெஞ்சில் தைக்கும். இதற்கு ‘சும்மா கதை’ என்று பதில் சொல்லாதீர்கள். பொதி என்ன சொல்கிறது என்று பாருங்கள். சந்தைக்குள் நுழையும் ஒப்பந்தங்களில் ஒன்றிய விதி மாறினால் சுவிஸும் மாற்றவேண்டும். ஆனால் ஒவ்வொரு முறையும் பாராளுமன்றமோ சனமோ மறுக்கலாம். மறுத்தால் மற்றப் பக்கம் அளவுக்குத் தக்க பதில் நடவடிக்கை எடுக்கலாம். பிணக்கு வந்தால் இரண்டு பக்கத்து ஆட்களும் இருக்கிற நடுவர் மன்றம் முடிவு சொல்லும். ஒன்றியச் சட்டத்தின் பொருள் என்ன என்ற இடத்தில் மட்டும் லக்சம்பேர்க்கில் இருக்கிற ஒன்றிய நீதிமன்றத்தைக் கேட்கும். இதை இறையாண்மை இழப்பு என்று சொல்பவருக்கும் வாதம் இருக்கிறது, இல்லை என்பவருக்கும் இருக்கிறது. நான் ஏற்கலாம் என்று நினைக்கிறேன். மச்சான் மாட்டார். இந்த இடத்தில் எங்களுக்குள் சண்டை வராது. இரண்டு பேரும் ஒரே பக்கத்தை வாசித்துவிட்டு வேறு முடிவுக்கு வந்தோம்.

மேசைச் சட்டம்

சாப்பிடும்போது கதைக்கவேண்டாம். தேத்தண்ணிக்குப் பிறகு. ஒரு இரவுக்கு ஒரு ஒப்பந்தம். சிவப்புப் புத்தகத்தில் எதிர்ப்புக் குழு தானே எழுதிய பக்கம் ஒன்று இருக்கும். அரசின் பக்கத்துக்கு முன் அதை வாசியுங்கள். வெள்ளி இரவு தொலைக்காட்சி விவாதத்தைப் பிள்ளைகளோடு பாருங்கள், அவர்கள் சுவிஸ் ஜேர்மனை மொழிபெயர்க்கட்டும். எங்கள் வீட்டில் மகன் மொழிபெயர்க்கும்போது தன் கருத்தையும் சேர்த்து ஊற்றுவான், அதற்கு அவனுக்கும் ஒரு பிராங்க்.

ஒரு தரமாவது பக்கம் மாறிக் கதைத்துப் பாருங்கள். மச்சானை ஓம் பக்கம் கதைக்கவிட்டோம். பொல்லாத மனுசன், என்னைவிட வடிவாகக் கதைத்தார்.

உறைக்குள் போடுவது

ஒவ்வொருவரும் தன் சீட்டைத் தானே எழுதவேண்டும். “எல்லாத்தையும் கொண்டு வாங்கோ, நான் நிரப்பித் தாறன்” என்று ஒரு அண்ணை எல்லாச் சங்கத்திலும் இருப்பார். பிறரின் சீட்டுகளைத் திட்டமிட்டுச் சேர்த்து நிரப்புவது குற்றவியல் சட்டப்படி தண்டனைக்குரியது. அம்மாவுக்கு மொழி விளங்காவிட்டால் பக்கத்தில் இருந்து வாசித்துக் காட்டுங்கள். பேனையை அவரிடம் கொடுங்கள்.

சீட்டைச் சின்ன உறைக்குள் வைத்து ஒட்டுங்கள். உறையோடு வந்த வாக்குரிமை அட்டையில் கையெழுத்துப் போடுங்கள். கையெழுத்து இல்லாவிட்டால் ஒரு மாதம் கதைத்ததெல்லாம் வீண், சீட்டை எண்ணமாட்டார்கள். என் முதல் உறையை மூடிவிட்டுப் பிறகு சந்தேகத்தில் நீராவி பிடித்துத் திறந்தேன். கையெழுத்து இருந்தது, உறைதான் போய்விட்டது.

வாக்கு நாளுக்கு முந்தைய செவ்வாய்க்குப் பிறகு சாதாரணத் தபாலை நம்பவேண்டாம். நகரசபை வாசலில் ஒரு பெட்டி இருக்கும். நானும் மச்சானும் சனிக்கிழமை சந்தைக்குப் போகிற வழியில் சேர்ந்துபோய்ப் போடுவோம். அவர் உறை மேலே, என் உறை கீழே. ஞாயிறு மத்தியானம் வாக்குச்சாவடி மூடினதும் முதற்கணிப்பு வரத் தொடங்கும். அன்றைக்கு ஆட்டுக்கறி அவர் வீட்டில், கோப்பை எல்லாம் பிளாஸ்டிக்.